செயின் தொய்வு: லிங்க் வெட்டுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

செங்காங் சவாரி | சனி, இரவு

எல்லாருக்கும் வணக்கம். என்னுடையது எட்டு கியர் ஹைபிரிட் சைக்கிள். முன்னால் ஒரே செயின் வீல், பின்னால் 11 முதல் 32 பல் வரை உள்ள கேசட் (பல்சக்கர அடுக்கு). வேறொருவர் ஓட்டியதை வாங்கினேன். இங்கே சிங்கப்பூரில் வாரநாளில் பொங்கோலுக்கு வேலைக்குப் போக, வார இறுதியில் சாங்கி கரையோரச் சாலை வழியாக ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா வரை போய் வர இதுதான். பகல் முழுக்க எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு வெளியே வெயிலிலும் மழையிலும் நிற்கிறது.

கொஞ்ச நாளாகச் செயின் லூஸாக இருக்கிறது. பின்னால் சின்னப் பல்லில் (சின்னப் பல்சக்கரத்தில்) போட்டால் நன்றாகத் தொங்குகிறது. மேடு பள்ளத்தில் இறங்கினால் சட்டத்தில் அடிக்கிறது, சில சமயம் முன்னாலிருந்து கழன்றே விடுகிறது. சிக்னலில் நின்றுவிட்டு எழுந்து மிதித்தால் பெடல் ஒரு நொடி சறுக்குகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஒரு கடையில் காட்டினேன். செயின், கேசட், டீரெய்லர் (பின்னால் கியர் மாற்றுகிற பாகம்) எல்லாம் மாற்ற வேண்டும் என்றார்கள். எதற்காக என்று கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. மாற்றத்தான் வேண்டுமென்றால் மாற்றிவிடுகிறேன். ஆனால் காரணம் தெரிந்து மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?

உட்லண்ட்ஸ்காரன் | சனி, இரவு

தம்பி, கவலைப்படாதீங்க. செயின் ஓட ஓட நீளும், அவ்வளவுதான். செயின் கட்டர் வாங்கி இரண்டு லிங்க் (செயின் கண்ணி) எடுத்துவிட்டு மறுபடி கோத்துவிடுங்கள். தஞ்சாவூரில் எங்கள் தெருவில் எல்லா சைக்கிளுக்கும் இதைத்தான் செய்வோம். அரை மணி நேர வேலை.

பல்சக்கரம் | சனி, இரவு

லிங்க் வெட்டுவதைத் தயவு செய்து தள்ளிப் போடுங்கள். வெட்டினதைத் திரும்ப ஒட்டுவது வெட்டுகிற அளவுக்குச் சுலபம் இல்லை.

முதலில் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். தொய்வு மேல்பக்கச் செயினிலா, கீழ்ப்பக்கச் செயினிலா? மிதிக்கும்போதா, மிதிக்காமல் உருளும்போதா, நிற்கும்போதே இருக்கிறதா? அப்புறம், பின்னால் இரண்டு குட்டிச் சக்கரத்தோடு தொங்குகிற டீரெய்லர் கையை முன்பக்கமாகத் தள்ளிவிட்டுக் கையை எடுங்கள். சட்டென்று திரும்பிப் போகிறதா, மெதுவாக நகர்கிறதா, பாதியில் நிற்கிறதா?

இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் பாதிக்கு மேல் தெரிந்துவிடும்.

உபின் பிரியன் | ஞாயிறு, காலை

பின்பக்கத்திலிருந்து நேராக ஒரு படமும் எடுங்கள். சைக்கிள் நிறுத்துமிடத்தில் பக்கத்து வண்டி சாய்ந்து விழுந்தாலே டீரெய்லர் மாட்டியிருக்கிற ஹேங்கர் வளைந்துவிடும். அந்த அலுமினியத் துண்டு அடிபட்டால் வளைவதற்கென்றே மென்மையாகச் செய்தது. பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு குட்டிச் சக்கரமும் கேசட் பல்லுக்கு நேர் கீழே, ஒரே கோட்டில் நிற்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்திருந்தால் மற்ற எந்த வேலையும் அதற்குப் பிறகுதான்.

செங்காங் சவாரி | ஞாயிறு, மாலை

பார்த்துவிட்டேன். தொய்வு கீழ்ப்பக்கம் மட்டும்தான். மேல்பக்கம் எப்போதும் விறைப்பாகவே இருக்கிறது, மிதிக்காமல் உருளும்போதும் அப்படியே. கீழே இருப்பது நிற்கும்போதும் தொங்குகிறது. டீரெய்லர் கையைத் தள்ளிவிட்டால் முக்கால் தூரம் மெதுவாகப் போய் நின்றுவிடுகிறது. மிச்சத்தை நான்தான் கையால் தள்ள வேண்டியிருக்கிறது. குட்டிச் சக்கரத்தில் கீழே உள்ளது சுற்றவே மறுக்கிறது, சுற்றிலும் கறுப்பாக மண் அப்பியிருக்கிறது.

பின்னாலிருந்து பார்த்தால் நேராகத்தான் தெரிகிறது.

பல்சக்கரம் | ஞாயிறு, இரவு

அருமை. தொய்வுக்குக் காரணம் அநேகமாக அந்தக் கைதான்.

எப்படி என்று சொல்கிறேன். கியர் சைக்கிளில் செயின் எப்போதுமே தேவைக்கு மேல் நீளமாகத்தான் இருக்கும். பெரிய பல்லைச் சுற்றவும் அதே செயின், சின்னப் பல்லைச் சுற்றவும் அதே செயின். உங்கள் கேசட்டில் 32 பல்லிலிருந்து 11 பல்லுக்கு வந்தால் 21 பல் வித்தியாசம். ஒரு பல்லுக்கு அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர் செயின். செயின் பல்சக்கரத்தை ஏறக்குறையப் பாதிச் சுற்று அணைத்துக்கொண்டு போவதால் அந்த வித்தியாசத்தில் பாதியை எடுத்துக்கொண்டால், சுமார் 13 சென்டிமீட்டர் செயின் மிஞ்சும். அத்தனையையும் பின்னுக்கு இழுத்துச் சுருட்டி வைப்பது டீரெய்லர் கைக்குள் இருக்கிற ஸ்பிரிங். அந்த மூட்டில் உப்பும் மண்ணும் இறங்கி ஸ்பிரிங் இழுக்க முடியாமல் போனால் மிஞ்சிய செயின் தொங்கத்தான் செய்யும். சின்னப் பல்லில் அதிகமாகத் தொங்குகிறது என்று நீங்கள் சொன்னதும் இதோடு பொருந்துகிறது, மிச்சம் அங்கேதான் அதிகம்.

சாங்கியும் ஈஸ்ட் கோஸ்ட்டும் கடல் காற்று. அதோடு மழையில் நிற்கிற வண்டி. நம் ஊர் ஈரப்பதத்தில் எண்ணெய் போடாத மூட்டு சீக்கிரம் இறுகும்.

சறுக்கல் வேறு விஷயம். அதற்கு ஒரு சாதாரண ஸ்டீல் ஸ்கேல் போதும். மேல்பக்கச் செயினில் ஒரு பின்னின் (லிங்குகளைக் கோத்திருக்கிற ஆணி) நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். பெடலை லேசாக அழுத்திப் பிடித்துச் செயினை விறைப்பாக வைத்துக்கொண்டு 24 லிங்க் எண்ணி, 24-வது பின்னின் நடுப்பகுதி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். புதுச் செயினில் 304.8 மில்லிமீட்டர். 306.4 என்றால் அரை சதவீதம் தேய்ந்திருக்கிறது. 307-ஐத் தொட்டால் எட்டு கியர் செயினை மாற்றுகிற நேரம். 308 என்றால் ஒரு சதவீதம், கேசட்டையும் அது தின்றிருக்கும். 11, 12 கியர் வைத்திருப்பவர்கள் அரை சதவீதத்திலேயே மாற்றிவிட வேண்டும்.

அளந்துவிட்டு எழுதுங்கள். லிங்கில் கை வைக்காதீர்கள்.

உட்லண்ட்ஸ்காரன் | ஞாயிறு, இரவு

பல்சக்கரம் அண்ணா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். செயின் தேய்ந்து நீண்டிருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். நீண்டதைக் குறைத்தால் தொய்வு போகுமே? எங்கள் அப்பா காலத்திலிருந்து இதைச் செய்து பார்த்திருக்கிறோம், வேலை செய்தது. கண்ணால் பார்த்ததைத் தவறு என்று எப்படிச் சொல்வது?

பல்சக்கரம் | திங்கள், காலை

தவறு என்று சொல்லவில்லை அண்ணா. உங்கள் தெருவில் இருந்தது கியர் இல்லாத சைக்கிள். அதற்கு நீங்கள் சொன்னது சரியான வைத்தியம். செங்காங் தம்பியின் வண்டிக்கு அது சரி வராது என்பதற்கு இரண்டு காரணம் சொல்கிறேன்.

செயின் நீள்வது என்றால் இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு பின்னும் அதைச் சுற்றியுள்ள உலோகமும் தேய்ந்து துளி இடைவெளி விழுகிறது. முக்கால் சதவீதம் தேய்ந்தால் ஒரு லிங்குக்கு 0.1 மில்லிமீட்டர்கூட வராது. 110 லிங்க் உள்ள செயினில் எல்லாம் கூட்டினாலும் ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான். தினமும் 13 சென்டிமீட்டர் மிச்சத்தைச் சுருட்டி வைக்கிற கை, இன்னும் ஒரு சென்டிமீட்டர் வந்ததற்காகவா தொங்கவிடும்? கியர் சைக்கிளில் தேய்ந்த செயின் தொங்காது, சறுக்கும். லிங்குகளுக்கு நடுவே உள்ள இடைவெளி பல்லின் இடைவெளியோடு ஒத்துப்போகாமல் மேலே ஏறி நழுவும். இரண்டு லிங்க் எடுத்தாலும் மிச்சமிருக்கிற ஒவ்வொரு லிங்கிலும் அந்தத் தேய்மானம் அப்படியே இருக்கும்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். கியர் சைக்கிளின் செயின் நீளத்தை டீரெய்லரைத் தொடாமல் முன்னால் பெரிய பல், பின்னால் பெரிய பல் இரண்டையும் சுற்றி அளந்து, அதற்கு மேல் இரண்டு லிங்க் விட்டுத்தான் முடிவு செய்வார்கள். அந்த இரண்டைத்தான் நீங்கள் எடுக்கச் சொல்கிறீர்கள். எடுத்தபின் ஏதாவது மேட்டில் பெரிய பல்லுக்கு மாற்றினால் செயின் எட்டாது. டீரெய்லர் முன்னுக்கு இழுபட்டு ஹேங்கர் முறியும். ஸ்போக்குக்குள் போய்விட்டால் ஓட்டுகிறவர் கீழே விழுவார். கியர் சைக்கிளில் தொய்வுக்காக லிங்க் வெட்டுவதை நான் இவ்வளவு எதிர்ப்பது இதனால்தான்.

உட்லண்ட்ஸ்காரன் | திங்கள், மதியம்

புரிந்தது அண்ணா. ஒரு சென்டிமீட்டர் கணக்கு எனக்குப் புதுசு. நன்றி.

துவாஸ் தம்பி | திங்கள், இரவு

அண்ணே, நான் விடுதியிலிருந்து வேலையிடத்துக்குப் போற வண்டி கியர் இல்லாதது. பின்னால், பெடலை எதிர்ப்பக்கம் மிதித்தால் பிரேக் பிடிக்கிற மாடல். முன்னால் கைப்பிரேக் உண்டு. செயின் இரண்டு நாளைக்கு ஒரு தரம் கழலுது. எனக்கு லிங்க் வெட்டணுமா?

உட்லண்ட்ஸ்காரன் | திங்கள், இரவு

தம்பி, உங்கள் வண்டி என் ஏரியா. நான் சொல்கிறேன்.

லிங்க் வெட்ட வேண்டாம், முதலில் சக்கரத்தை நகர்த்தலாம். பின் இருசு உட்காருகிற இடம் நீளமான காடி மாதிரி இருக்கும், அதில்தான் இழுத்து விறைப்பாக்குவது. 15 நம்பர் ஸ்பானர் வேண்டும். வண்டியைக் கவிழ்த்து வையுங்கள். எதிர்ப்பக்கம் மிதிக்கிற பிரேக் என்பதால் இடதுபக்கம் ஒரு பட்டை சட்டத்தோடு கிளிப் போட்டிருக்கும், அதன் ஸ்குரூவை முதலில் தளர்த்துங்கள். இல்லாவிட்டால் சக்கரம் நகராது. பிறகு இரண்டு பக்க நட்டையும் தளர்த்தி, முழுக்கக் கழற்றாமல், சக்கரத்தைப் பின்னுக்கு இழுங்கள்.

எவ்வளவு இழுப்பது? செயின் வீலுக்கும் பின்பல்லுக்கும் நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளினால் மொத்தம் ஒரு சென்டிமீட்டரிலிருந்து ஒன்றரை வரை ஆட வேண்டும். வீணைத் தந்தி போல இறுக்கிவிட்டால் கிராங்கிலும் (பெடல் கை) ஹப்பிலும் (சக்கர நடுப்பகுதி) பேரிங் தேயும், மிதிக்கவும் கனக்கும். இன்னொன்று: கிராங்கை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். செயின் வீல் கச்சிதமான வட்டமாக இருக்காது. ஒரு இடத்தில் இறுகும், ஒரு இடத்தில் தளரும். இறுகுகிற இடத்தை வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். தளர்ந்த இடத்தை வைத்து இழுத்தால் அடுத்த அரைச் சுற்றில் செயின் முறுக்கிக்கொள்ளும்.

நட்டு முடுக்குகிறபோது செயின் பக்கத்தை முதலில் பாதி முடுக்குங்கள். அப்புறம் டயர் இரண்டு பக்கச் சட்டத்துக்கும் நடுவில் வரும்படி கையால் தள்ளி வைத்து இடது நட்டை முடுக்குங்கள். பிறகு இரண்டையும் நன்றாக. சக்கரம் சாய்ந்து நின்றால் செயின் எவ்வளவு விறைப்பாக இருந்தாலும் கழலும். பாதிப் பேர் இங்கேதான் அவசரப்படுவார்கள்.

இருசு காடியின் கடைசி வரை போயும் செயின் தொங்கினால் அப்போது பேசலாம். அந்த நிலைமைக்கு வந்த செயினுக்கு வயதாகிவிட்டது, புதுசு போடுவதுதான் நல்லது.

பல்சக்கரம் | திங்கள், இரவு

உட்லண்ட்ஸ் அண்ணா சொன்னதில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை. பிரேக் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

துவாஸ் தம்பி, எதிர்ப்பக்கம் மிதிக்கிற பிரேக் வேலை செய்வது செயின் வழியாகத்தான். செயின் கழன்ற அந்த நிமிடமே பின் பிரேக் இல்லை. லாரிகள் போகிற சாலையில் இது சின்ன விஷயம் இல்லை. அதனால் இன்றைக்கே சரி செய்யுங்கள், முன் கைப்பிரேக்கின் கட்டையும் கேபிளும் நன்றாக இருக்கின்றனவா என்று அதோடு சேர்த்துப் பாருங்கள். சிங்கப்பூரில் பொதுப் பாதையிலோ சாலையிலோ ஓட்டுகிற சைக்கிளில் வேலை செய்கிற கைப்பிரேக் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது சட்டமும்கூட. ஃபிக்ஸி, அதாவது சக்கரத்தோடு பெடலும் சேர்ந்தே சுற்றுகிற வண்டி, ஓட்டுகிறவர்களுக்கும் இதே பேச்சுதான். செயின் போனால் கால் பிரேக்கும் போகும்.

வேலை முடிந்ததும் அந்தப் பட்டையின் கிளிப்பைத் திரும்ப முடுக்க மறக்காதீர்கள். அது தளர்ந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது பட்டை சுற்றிவிடும்.

துவாஸ் தம்பி | செவ்வாய், இரவு

அண்ணே, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. விடுதியில் ஒருத்தரிடம் ஸ்பானர் வாங்கிச் செய்துட்டேன். இறுகுற இடம், தளர்ற இடம் நீங்க சொன்ன மாதிரியே இருந்துச்சு. சக்கரமும் சாய்ஞ்சுதான் இருந்திருக்கு. இப்ப நேரா நிக்குது. பக்கத்து அறைக்காரங்க வண்டியையும் பார்க்கச் சொல்றாங்க.

பாசிர் ரிஸ் அக்கா | புதன், காலை

என்னுடையது மடக்குகிற சைக்கிள், ஏழு கியர். எம்ஆர்டியில் கொண்டு போகிறேன். மடக்கி வைத்திருக்கும்போது செயின் தளர்ந்திருக்கிறது. அதோடு ஓட்டும்போது மிதிப்பதை நிறுத்தினால் மேல்பக்கச் செயின் அலை மாதிரி தொய்கிறது, திரும்ப மிதித்ததும் டக்கென்று சேர்ந்துகொள்கிறது. இரண்டுக்கும் ஒரே காரணமா?

பல்சக்கரம் | புதன், மதியம்

இல்லை அக்கா. சில மாடல்களில் மடக்கும்போது முன்பல்லுக்கும் பின்பல்லுக்கும் உள்ள தூரம் குறைந்துவிடும், அதனால் தளர்வது இயல்பு. விரித்ததும் செயின் பல்லில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று பெடலைப் பின்பக்கம் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு ஏறினால் போதும்.

மேல்பக்கம் தொய்வதுதான் கவனிக்க வேண்டியது. நீங்கள் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் மட்டும் தனியாக ஓட வேண்டும், பின்பல் நின்றுவிட வேண்டும். அதற்குத்தான் ஃப்ரீவீல். உள்ளே அழுக்கோ பழைய கிரீஸோ இறுகியிருந்தால் பின்பல்லும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிச் செயினை முன்பக்கம் தள்ளும். தள்ளின செயின் மேலே குவியும். உறுதி செய்ய, பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பெடலால் வேகமாகச் சுற்றிவிட்டுக் கையை எடுங்கள். பெடலும் தானாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் அதேதான். (விரலைச் செயினுக்குப் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள், குழந்தைகளையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.)

ஏழு கியர் என்றால் பெரும்பாலும் திருகி மாட்டின ஃப்ரீவீல். வண்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, சுற்றுகிற பகுதிக்கும் சுற்றாத பகுதிக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடைவெளியில் லேசான எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சக்கரத்தைச் சுற்றுங்கள். கறுப்பாக வடியும், துடையுங்கள், தெளிவாகிற வரை செய்யுங்கள். கெட்டியான கிரீஸ் வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கிற பூட்டுப் பற்கள் அதில் ஒட்டிக்கொண்டால் மிதிக்கும்போது பிடிக்காமல் பெடல் வெறுமனே சுற்றும். எண்ணெய்க்கும் சரியாகவில்லை என்றால் ஃப்ரீவீலை மட்டும் மாற்றலாம், செயினைத் தொட வேண்டாம்.

செங்காங் சவாரி | சனி, மாலை

அளந்துவிட்டேன், வேலையும் முடித்துவிட்டேன். ஸ்கேலில் 307-ஐத் தொட்டது. மூன்று இடத்தில் அளந்தேன், அதே அளவு.

அடுக்குமாடி புளோக் கீழே செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தேன். குட்டிச் சக்கரம் இரண்டையும் ஆலன் கீயால் கழற்றினேன். கீழே உள்ளதன் நடுவில் மணலும் முடியும் கயிறு மாதிரி சுற்றிக்கொண்டு இருந்தது. சுத்தம் செய்து துளி கிரீஸ் வைத்ததும் விரலால் தட்டினாலே சுற்றுகிறது. மூட்டுக்கு டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, கையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருந்தேன். முதலில் துருத் தண்ணீராக வந்தது. துடைத்துவிட்டுச் செயின் எண்ணெய் விட்டேன். இப்போது தள்ளிவிட்டால் சட்டென்று அடித்துத் திரும்புகிறது.

பழைய செயினோடேயே ஓட்டிப் பார்த்தேன். தொய்வு இல்லை, சட்டத்தில் அடிக்கவும் இல்லை. சறுக்கல் மட்டும் அப்படியே. அப்புறம் புது எட்டு கியர் செயின் வாங்கிப் பெரிய பல், பெரிய பல், அதற்கு மேல் இரண்டு லிங்க் என்று அளந்து குயிக் லிங்க் (செயின் முனைகளைச் சேர்த்துப் பூட்டுகிற லிங்க்) போட்டு மாட்டினேன். இப்போது ஏழு பல்லில் ஒழுங்காக ஓடுகிறது. சின்னதிலிருந்து மூன்றாவதில் மட்டும் எழுந்து மிதித்தால் ஒரு தாவல். நான் எப்போதும் ஓட்டுகிற கியர் அதுதான்.

உபின் பிரியன் | சனி, இரவு

புதுச் செயினில் ஏதாவது ஒரு லிங்க் மடங்காமல் விறைத்திருக்கலாம். பெடலை மெதுவாகப் பின்பக்கம் சுற்றிக் குட்டிச் சக்கரத்தையே பாருங்கள். விறைத்த லிங்க் அதைக் கடக்கும்போது டீரெய்லர் கை ஒரு துள்ளு துள்ளும். அந்த லிங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் லேசாக வளைத்தால் சரியாகிவிடும்.

பல்சக்கரம் | சனி, இரவு

அதைப் பார்த்துவிடுவது நல்லது. ஆனால் விறைத்த லிங்க் என்றால் எல்லா கியரிலும் தாவும். ஒரே பல்லில் மட்டும், அதுவும் அதிகம் ஓட்டின பல்லில் மட்டும் தாவுகிறது என்றால் அந்தப் பல் பழைய செயினின் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. பக்கத்துப் பல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து கொக்கி மாதிரி தெரியும், சில சமயம் கண்ணுக்கே தெரியாது. ஓட்டி ஓட்டிச் சேர்ந்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம், சிக்னலில் எழுந்து மிதிக்கிறவருக்கு அது ஆபத்து. கேசட் மாற்றுங்கள். லாக்ரிங் (கேசட்டைப் பூட்டியிருக்கிற வளையம்) கழற்றுகிற கருவியும் செயின் விப்பும் (கேசட் சுற்றாமல் பிடிக்கிற கருவி) வேண்டும், இல்லையென்றால் கடையில் கொடுத்து கேசட் மட்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். டீரெய்லர் நன்றாக இருக்கிறது, அதை மாற்ற ஒப்புக்கொள்ள வேண்டாம்.

டபிள்யூடி-40 அழுக்கை எடுக்கும், ஈரத்தைத் துரத்தும், ஆனால் எண்ணெயாக நிற்காது. நீங்கள் துடைத்துவிட்டு எண்ணெய் விட்டது சரி. டிஸ்க் பிரேக் என்றால் டபிள்யூடி-40-ஐ ரோட்டர் (பிரேக் தட்டு) பக்கம் அடிக்கவே கூடாது.

மழையில் நிற்கிற வண்டி என்பதால் மழைக்கான கெட்டி எண்ணெய் போடுங்கள். ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு சொட்டு, செயினின் உள்பக்கமாக. கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, வெளிப்பக்கத்தை உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது பின்னுக்குள்ளே, வெளியே இருப்பது கடற்கரை மணலைத்தான் பிடித்து வைக்கும்.

செங்காங் சவாரி | ஞாயிறு, மாலை

விறைத்த லிங்க் எதுவும் இல்லை. பல்லை டார்ச் அடித்துப் பார்த்தேன், மூன்றாவது பல் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் இருக்கிறது. நாளைக்கு கேசட் மட்டும் மாற்றக் கொடுக்கிறேன். பழைய செயினைத் தூக்கிப் போடவில்லை. உட்லண்ட்ஸ் அண்ணா, லிங்க் கழற்றிக் கோக்கக் கற்றுக்கொள்ள அது போதுமா? அடுத்த ஞாயிறு உட்லண்ட்ஸ் பக்கம் வருகிறேன்.

உட்லண்ட்ஸ்காரன் | ஞாயிறு, இரவு

தாராளமாகப் போதும் தம்பி. செயின் கட்டர் என்னிடம் இருக்கிறது, காலையிலேயே வாங்க.